பிழைப்புக்கு நடித்தவர்: யுன் யோ-ஜொங்கின் திரை வாழ்க்கை

2021 ஏப்ரல் 25 அன்று ‘மினாரி’ என்ற அமெரிக்கப் படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதைத் தென் கொரிய நடிகை யுன் யோ-ஜொங் வாங்கினார். அடுத்த வாரமே, மே 1 அன்று, தென் கொரியத் திரையரங்குகளில் ‘ஹ்வான்யோ’ என்ற படம் மறுபடி வெளியானது. அது ஐம்பது வருடப் பழைய படம், அவருடைய முதல் படம். ஆஸ்கர் மேடையில் அவர் நன்றி சொன்னவர்களில் அதன் இயக்குநர் கிம் கி-யோங்கும் ஒருவர். 1998-இல் தீ விபத்தில் இறந்துபோனவர் அவர்.

அந்த வாரம் வெளிநாட்டுப் பத்திரிகைகள் பல, 73 வயதில் அதிர்ஷ்டம் கதவைத் தட்டிய பாட்டி என்ற பாணியிலேயே எழுதின. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை வேறு. யுன் 24 வயதிலேயே கொரியாவில் பெரிய நட்சத்திரம். கையில் இருந்த இடத்தை விட்டுப்போய், திரும்பி வந்து, அடிமட்டத்திலிருந்து இரண்டாம் முறை ஏறியவர். அந்த இடைப்பட்ட காலத்தைத் தாண்டிக் குதித்துவிட்டால் இந்த நடிகையைப் புரிந்துகொள்ள முடியாது. தன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் சொல்வதும் அதைத்தான்: நான் பிழைப்புக்காக நடித்தவள், பிள்ளைகளுக்குச் சோறு போட நடித்தவள். ஏதோ தன்னடக்கம் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் சொல்வது அப்படியே நடந்த கதை.

1947-இல் கேசோங் நகரத்தில் பிறந்தார். அப்போது அந்த ஊர் 38-ஆவது இணைகோட்டுக்குத் தெற்கே, தென் கொரியாவின் பக்கம் இருந்தது. கொரியப் போர் முடிந்தபோது வடக்கின் கையில் போய்விட்டது. தகப்பனார் சீக்கிரமே இறந்துவிட, தாயார் வேலை பார்த்து மூன்று பெண்களை வளர்த்தார். யுன் மூத்தவர். ஹன்யாங் பல்கலைக்கழகத்தில் கொரிய இலக்கியம் படித்துக்கொண்டிருந்தபோது, 1966-இல், டிபிசி தொலைக்காட்சி நடத்திய நடிகர் தேர்வில் தேறினார்.

அந்தத் தேர்வு முறை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்றைய கொரியத் தொலைக்காட்சி நிலையங்கள் வங்கிக்கு ஆள் எடுப்பதுபோல நடிகர்களை விளம்பரம் செய்து, தேர்வு வைத்து, அணி அணியாக எடுத்தன. யுன் டிபிசியின் மூன்றாம் அணி. எந்த நிலையம், எத்தனையாவது அணி என்பது கடைசிவரை கூடவே வரும் முகவரி. மூத்த அணி, இளைய அணி என்ற மரியாதைக் கணக்கும் அதை வைத்துத்தான். நடிப்பு ஆசை ஒன்றும் தனக்கு இருக்கவில்லை, படிப்புக்கு நடுவே காசு கிடைத்தது, போனேன் என்று யுன் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்புறம் படிப்பை முடிக்கவே இல்லை.

1971 அவருடைய ஆண்டு. எம்பிசி தொலைக்காட்சியின் சரித்திரத் தொடரில் அவர் சாங் ஹீ-பின்னாக நடித்தார். சுக்ஜோங் மன்னரின் ஆசை நாயகியாக இருந்து, பட்டத்து ராணியை விரட்டிவிட்டு அந்த இடத்துக்கு வந்து, கடைசியில் 1701-இல் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டவர் இந்த ஹீ-பின். கொரியர்களுக்கு நன்றாகத் தெரிந்த வில்லி. யுன் அதைச் செய்த விதத்தில் மக்கள் நிஜமாகவே கோபப்பட்டார்கள். தெருவில் திட்டினார்கள், சுவரொட்டியில் இருந்த தன் படத்தின் கண்ணைக் குத்தி ஓட்டை போட்டார்கள் என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். குளிர்பான விளம்பரம் ஒன்றும் அதனால் கைவிட்டுப் போனதாம்.

அதே ஆண்டில்தான் ‘ஹ்வான்யோ’. கிம் கி-யோங் 1960-இல் ‘ஹான்யோ’ (வேலைக்காரி) என்ற படம் எடுத்திருந்தார். வீட்டு வேலைக்கு வரும் பெண் அந்த நடுத்தரக் குடும்பத்தையே கலைத்துப் போடும் கதை. கொரிய சினிமாவின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாக இன்றுவரை அதை வைக்கிறார்கள். அந்தக் கதையையே கிம் திரும்பத் திரும்ப எடுத்தார். 1971 வடிவத்தில் கிராமத்திலிருந்து வேலை தேடி வரும் ம்யோங்-ஜா என்ற பெண், கோழிப்பண்ணை நடத்தும் வீட்டுக்குள் போகிறாள். வீட்டுக்காரர் அவளைக் கெடுக்கிறார், வயிற்றில் வளர்ந்த பிள்ளையைக் கலைக்க வைக்கிறார்கள், அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தலைநகர் சோலுக்கு வந்து வீட்டு வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. யுன்னின் ம்யோங்-ஜா பாவப்பட்டவளாகவும் இருக்கிறாள், பயமுறுத்துகிறவளாகவும் இருக்கிறாள். கண்ணை இமைக்காமல் பார்ப்பாள், திடீரென்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிப்பாள். கொரியாவில் புளூ டிராகன் சிறந்த நடிகை விருதும், ஸ்பெயினின் சிட்ஜெஸ் திரைவிழா விருதும் அந்தப் படத்துக்காகக் கிடைத்தன. அடுத்த ஆண்டு கிம்மின் ‘சுங்ன்யோ’ படத்திலும் அவரே நாயகி. அந்த இயக்குநரை அப்போது தனக்குப் பிடிக்கவே இல்லை, விசித்திரமான மனிதராகத் தெரிந்தார், அவருடைய அருமை தெரிந்தபோது அவர் உயிரோடு இல்லை என்று ஆஸ்கருக்குப் பிறகு யுன் வருத்தத்தோடு சொன்னார்.

இப்படி உச்சியில் இருந்தபோதுதான் கல்யாணம். மாப்பிள்ளை சோ யோங்-நாம், அன்றைக்குப் பெயர்பெற்ற பாடகர். 1970-களின் நடுவில் இருவரும் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார்கள். இரண்டு மகன்கள் பிறந்தார்கள். ஏறக்குறைய ஒன்பது வருடம் சமையல், பிள்ளைகள், தட்டுத்தடுமாறிக் கற்ற ஆங்கிலம். கல்யாணம் ஆன நடிகை வீட்டோடு இருந்துவிடுவது அன்றைய கொரியாவில் வழக்கம்தான், யாருக்கும் அது அதிசயமாகப் படவில்லை. அந்த வருடங்களில் சோலில் எல்லாம் மாறிவிட்டது. 1980-இல் ராணுவ ஆட்சி ஊடகங்களை வலுக்கட்டாயமாக இணைத்தபோது, அவரை நடிகையாக எடுத்த டிபிசி நிலையமே அரசு நிலையமான கேபிஎஸ்ஸுக்குள் கரைந்துபோனது.

1984 வாக்கில் திரும்பி வந்தார். 1987-இல் விவாகரத்து. கணவருக்கு வேறு தொடர்பு இருந்ததுதான் காரணம். அதை அந்தப் பாடகரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆஸ்கர் கிடைத்தபோதும் பத்திரிகைகள் அவரிடம் போய்க் கருத்துக் கேட்க, அவர் தன்னையே நடுவில் வைத்துப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இந்த விவாகரத்தை இன்றைய கணக்கில் பார்த்தால் தப்பாகப் போகும். அன்றைய கொரியக் குடும்பச் சட்டத்தில், பிரியும்போது சொத்தில் பங்கு கேட்க மனைவிக்குத் தனியாக உரிமை கிடையாது. 1990-இல் திருத்தி, 1991-இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் அதைக் கொடுத்தது. குடும்பத் தலைவன் ஆண்தான் என்று எழுதிவைத்த ஹோஜு பதிவேட்டு முறை 2008 வரை இருந்தது. சட்டம் இப்படி என்றால் தொலைக்காட்சி இன்னும் மோசம். வீட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் பெட்டியில் விவாகரத்தான பெண் முகம் காட்டலாமா என்று நிலையத்துக்குப் புகார் வரும். விவாகரத்தான ஆண் பாடகருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, சோ யோங்-நாம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்.

ஆக, நாற்பது வயது, இரண்டு பள்ளிப் பிள்ளைகள், வேறு வருமானம் இல்லை. யுன் கிடைத்ததையெல்லாம் செய்தார். ஒரு காட்சியில் வந்துபோகும் வேஷம், முன்பு தனக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் வேஷம், எதையும் விடவில்லை. ஒரு காலத்து நாயகிக்கு இது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். அவர் அதைச் சொல்லும்போது கசப்பு இருக்காது, கணக்கு மட்டும் இருக்கும்: பள்ளிக் கட்டணம், வாடகை.

இந்தக் கட்டத்தில் அவருக்குக் கைகொடுத்தது ஒரு எழுத்தாளர். பெயர் கிம் சூ-ஹ்யோன். இப்போதைய கே-டிராமா ரசிகர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் இளம் கதாநாயகன் ஒருவரை நினைப்பார்கள். இவர் 1943-இல் பிறந்த பெண் எழுத்தாளர், கொரியத் தொலைக்காட்சியில் இயக்குநர்களையே அடக்கி வைத்தவர். கொரியத் தொடர்களில் அதிகாரம் எழுத்தாளரிடம் இருப்பது இன்றும் உண்டு. அந்த வழக்கத்தை நிலைநாட்டியதில் இவருக்குப் பெரிய பங்கு. வசனத்தில் ஒரு அசையை மாற்றினால் கூப்பிட்டுத் திட்டுவார் என்று பெயர். நீளமான, வேகமான, குத்தலான வசனங்கள். நடிகர் வாயில் அது நிற்கவேண்டும் என்றால் மூளை வேகமாக ஓட வேண்டும். யுன்னுக்கு அது இயல்பாக வந்தது. 1985-இல் மகளைக் கடத்தியவர்களைத் தேடிப் பழிவாங்கும் தாயாக அவர் நடித்த ‘எமி’ படத்தின் திரைக்கதை கிம் சூ-ஹ்யோனுடையதுதான்.

1991-இல் எம்பிசியில் வந்த ‘சாராங்கி ம்வோகில்லே’ இன்னொன்று. அதிகாரம் பண்ணும் தகப்பன் உள்ள ஒரு வீடும், பெண்கள் வாய்திறந்து பேசும் ஒரு வீடும் சம்பந்தம் செய்துகொள்ளும் கதை. யுன் அதில் பெண்ணின் அம்மா. பார்வையாளர் விகிதம் உச்சத்தில் 60 சதவீதத்தைத் தாண்டியது. அதே தொடர் 1997-இல் சீன அரசுத் தொலைக்காட்சியில் ஓடி, அங்கே கொரியத் தொடர்களுக்கு முதல் பெரிய கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தது. கொரியத் தொடரும் பாட்டும் சினிமாவும் உலகெங்கும் பரவிய கொரிய அலை பற்றி எழுதுகிறவர்கள் பிடிஎஸ் இசைக்குழு, ‘பாரசைட்’ படம் என்று ஆரம்பித்து, யுன்னை அதன் பலனை அறுவடை செய்தவராகக் காட்டுகிறார்கள். அந்த வயலில் முதல் நாற்று நட்டவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் வார இறுதித் தொடர்களின் அம்மா, மாமியார் வேஷம் ஒரு பொறி. கொரியாவில் நாற்பதைத் தாண்டிய நடிகைக்கு அது நிரந்தர வேலை, அதோடு நிரந்தரச் சிறை. அழ வேண்டும், கிம்ச்சி போட வேண்டும், மகன் காதலிக்கும் பெண்ணை எதிர்க்க வேண்டும். யுன்னின் குரல் கொஞ்சம் கரகரப்பு, பேச்சில் எப்போதும் ஒரு எகத்தாளம். தியாகத் தாய் வேஷத்துக்கு அது ஒத்துவராது. ‘தேசத்தின் தாய்’ என்று கொரியர்கள் பட்டம் கொடுத்தது கிம் ஹே-ஜா போன்றவர்களுக்கு. யுன்னுக்கு அந்தப் பட்டம் வரவில்லை. வராமல் போனது நல்லதாகப் போயிற்று என்பது என் எண்ணம்.

ஏன் என்றால் 2003-இல் இயக்குநர் இம் சாங்-சூ ‘பரம்னான் காஜோக்’ படத்துக்கு ஒரு மாமியாரைத் தேடியபோது, பட்டம் வாங்கிய யாரும் அந்த வேஷத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். கணவர் சாகக் கிடக்கும்போதே இன்னொருவரோடு உறவு வைத்துக்கொண்டு, அதை மகனிடமும் மருமகளிடமும் கூச்சமில்லாமல் சொல்லும் அறுபது வயதுப் பெண். யுன் ஒத்துக்கொண்டார். வீட்டைப் பழுதுபார்க்கப் பணம் தேவைப்பட்டது என்று காரணம் சொன்னார். நல்ல பெயரைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அவருக்கு 1987-இலேயே தீர்ந்துவிட்டது. சமூகம் எதை எடுத்துக்கொண்டு அவரைத் தண்டித்ததோ, அதுவே அவருக்கு மற்றவர்களிடம் இல்லாத சுதந்திரமாக மாறியது. தண்டித்தவர்கள் இதை நினைத்துச் செய்யவில்லை, அவரும் திட்டம் போடவில்லை.

மகன்கள் வளர்ந்து தலையெடுத்ததும் அவர் தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார். அறுபதுக்கு மேல் பிடித்த ஆட்களோடுதான் வேலை, காசு பார்ப்பதில்லை. இதைத்தான் அவர் ஆடம்பரம் என்று சொல்வார். 2010-இல் இம் சாங்-சூ, கிம் கி-யோங்கின் பழைய ‘ஹான்யோ’வை மறுபடி எடுத்தபோது, வீட்டின் மூத்த வேலைக்காரியாக யுன் வந்தார். 1971-இல் இளைய வேலைக்காரியாக வந்தவர், எல்லா அசிங்கத்தையும் பார்த்துப் பார்த்து மரத்துப்போன மூத்தவளாக வருகிறார். அந்தப் படம் பிரான்சின் கான் திரைவிழாவில் போட்டிப் பிரிவுக்குப் போனது. அதே ஆண்டு அவர் நடித்த ஹோங் சாங்-சூவின் ‘ஹஹஹா’வும் கானில் வேறொரு பிரிவில் பரிசு வாங்கியது. 2012-இலும் இந்த இரண்டு இயக்குநர்களின் படங்களோடு கான் போட்டியில் இருந்தார். ஹாலிவுட் அவரைக் கண்டுபிடித்தது என்று எழுதுகிறவர்கள் இந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை.

அவருடைய நடிப்பில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் ‘மினாரி’யைச் சொல்லமாட்டேன். 2016-இல் இ ஜே-யோங் எடுத்த ‘த பேக்கஸ் லேடி’யைச் சொல்வேன். சோலின் ஜோங்னோ பகுதியில், தப்கோல் பூங்காவைச் சுற்றி, வேலையும் போக்கிடமும் இல்லாத கிழவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் பேக்கஸ் என்ற சத்துப்பானக் குப்பியை நீட்டிக்கொண்டு, பேச்சுக்கொடுத்து, உடம்பை விற்கும் வயதான பெண்கள் உண்டு. யுன் அப்படி ஒரு பெண்ணாக நடித்தார். பேர் சோ-யோங். இளமையில் அமெரிக்க ராணுவ முகாமுக்குப் பக்கத்தில் பிழைத்து, ஒரு சிப்பாய்க்குப் பிறந்த குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டவள். அவளிடம் பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்து வேறொரு உதவி கேட்கிறார்கள். தாங்கள் சாவதற்குத் துணை வேண்டும் என்கிறார்கள்.

இது கற்பனைச் சோகம் இல்லை. கொரியாவில் தேசிய ஓய்வூதியத் திட்டம் தொடங்கியதே 1988-இல். நாட்டைக் கட்டியெழுப்பிய தலைமுறை அதில் பணம் போட நேரம் கிடைக்காமலே கிழடானது. பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. படம் வந்த காலத்தில் முதியோரில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் வறுமையில் இருந்தார்கள், வளர்ந்த நாடுகளில் அதுதான் மிக அதிகம். யுன் இதை நடித்த விதத்தில் அழுகை கிடையாது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறுவது, பேரம் பேசும்போது குரல் இறங்குவது, காசை எண்ணிப் பையில் வைப்பது, இவ்வளவுதான். படப்பிடிப்பு முழுக்க மனசு கனத்துப்போனது என்று பிறகு சொன்னார். மான்ட்ரியாலின் ஃபாண்டேசியா திரைவிழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

கொரிய இளைஞர்களுக்கு அவர் வேறொரு வழியாகத்தான் நெருக்கமானார். 2013-இல் நடிகைகள் சேர்ந்து வெளிநாடு சுற்றும் ஒரு நிகழ்ச்சியில், எனக்கும் இந்த வயது முதல் தடவைதானே, எப்படி இருப்பது என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்ற பொருளில் அவர் சொன்னது ஊரெல்லாம் பரவியது. 2017-இல் ‘யுன் ஷிக்தாங்’ நிகழ்ச்சிக்காக இந்தோனேசியாவின் லோம்போக் பக்கத்துக் குட்டித்தீவில் சின்ன உணவகம் நடத்தினார், அடுத்த ஆண்டு ஸ்பெயினின் டெனரிஃபில். பல்கோகி வதக்குகிற பதற்றம், வாடிக்கையாளரிடம் அந்தப் புளோரிடா ஆங்கிலம், யாருக்கும் புத்தி சொல்லாத சுபாவம். வயதை வைத்து அதட்டும் பெரியவர்களிடம் சலித்துப்போன இளைய கூட்டத்துக்கு அவர் ஆறுதலாக இருந்தார். 2021-இல் இளம்பெண்கள் துணி வாங்கும் ஒரு செயலிக்கு அவர்தான் விளம்பர முகம்.

‘மினாரி’ பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். லீ ஐசக் சுங் தன் சொந்தக் குழந்தைப்பருவத்திலிருந்து எழுதிய கதை. 1980-களில் அர்கன்சாஸ் மாநிலத்தில் நிலம் வாங்கிக் கொரியக் காய்கறி பயிரிடப் போராடும் குடும்பம். சுமார் 20 லட்சம் டாலரில், ஓக்லஹோமா வெயிலில் எடுத்த சிறு படம். கொரியாவிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும் பாட்டி சூன்-ஜா, கொத்தமல்லிக் குடும்பத்துக் கீரையான மினாரியின் விதையைக் கொண்டுவந்து ஓடைக்கரையில் தூவுகிறாள். பிஸ்கட் சுடத் தெரியாது, சீட்டாடுவாள், கெட்ட வார்த்தை பேசுவாள். உங்கள் பாட்டியைப் பார்த்து அப்படியே செய்யவா என்று யுன் கேட்டபோது, வேண்டாம், உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்றாராம் சுங். அந்த ஒரு பதிலுக்காகவே இயக்குநரைத் தனக்குப் பிடித்துவிட்டது என்பார் யுன்.

முந்தைய ஆண்டு ‘பாரசைட்’ நான்கு ஆஸ்கர்களை அள்ளியபோது அதன் நடிகர்களில் ஒருவர்கூடப் பரிந்துரைப் பட்டியலில் இல்லை. நடிப்புக்கு ஆஸ்கர் வாங்கிய முதல் கொரியர் யுன்தான். ஆசியப் பெண்களில் அவருக்கு முன்னால் வாங்கியவர் 1958-இல் ஜப்பானின் மியோஷி உமேகி மட்டும். மேடையில் தன் பெயரைத் தப்பாக உச்சரித்த எல்லாரையும் அன்றிரவு மன்னித்துவிட்டதாகச் சொன்னார். வேலைக்குப் போ, போ என்று துரத்திய இரண்டு மகன்களுக்கு நன்றி சொன்னார். பிறகு கொரிய நிருபர்கள், வாழ்க்கையின் உச்சம் இதுதானா என்று கேட்டபோது, எதற்கு உச்சம், எல்லாரும் நடுவில் இருந்தால் போதாதா என்றார். மறு ஆண்டு துணை நடிகர் விருதை அறிவிக்க வந்தவர், காது கேளாத நடிகர் டிராய் கோட்சர் வென்றதை முதலில் சைகையில் காட்டினார். அவர் இரண்டு கையாலும் சைகையில் பேச வேண்டுமே என்று கோப்பையைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ‘பச்சிங்கோ’ தொடரில் ஜப்பானில் வாழும் வயதான சுன்ஜாவாக இரண்டு பருவங்கள். 2025-இல் ஆண்ட்ரூ ஆனின் ‘த வெட்டிங் பேங்க்வெட்’, ஆங் லீயின் 1993 படத்தின் மறுவடிவம். முதலில் கேட்டது அம்மா வேஷத்துக்கு. பையன் இருபதுகளில் இருக்கிறான், நான் அம்மா என்றால் நம்புவார்களா, பாட்டியாக்கிவிடுங்கள் என்று இவரே சொன்னார். பேரன் ஓரினச்சேர்க்கையாளன் என்று கண்டுபிடித்துவிடும் பாட்டி. அந்தப் படத்தை ஒட்டிக் கொடுத்த பேட்டிகளில், தன் மூத்த மகனும் அப்படித்தான் என்று முதல்முறையாகச் சொன்னார். 2000-இல் மகன் வீட்டில் சொன்னது, நியூயார்க்கில் சட்டம் வந்ததும் அங்கே கல்யாணம் நடந்தது, கொரியாவில் அது ரகசியமாக இருந்ததால் குடும்பமே விமானம் ஏறிப் போனது, எல்லாவற்றையும் சொன்னார். பாட்டி பேரனிடம் பேசும் வசனத்தில் தன் வீட்டுப் பேச்சும் கலந்திருக்கிறது என்றார்.

ஒரே பாலினத் திருமணத்தைக் கொரியச் சட்டம் இன்னும் ஏற்கவில்லை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட துணைவருக்கும் மருத்துவக் காப்பீட்டில் இடம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது, அவ்வளவுதான். யுன் இதைச் சொன்னதும் கொரியப் பத்திரிகைக்கு அல்ல, படத்தின் விளம்பரத்துக்காக ஆங்கிலப் பத்திரிகைகளிடம். சோல் நாளிதழ்கள் அதை மொழிபெயர்த்துத்தான் போட்டன.